நாள் குறித்துத் திரும்பலாமா?

2000 ஆம் ஆண்டு ஏப்ரல் 12. ரோம் நகரின் ஒலிம்பிக் மைதானத்தில் இத்தாலியக் கோப்பை இறுதிப்போட்டியின் முதல் ஆட்டம். லாட்சியோ கழகத்தை எதிர்த்து இன்டர் மிலான் ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளைக்குப் பின் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கினார் பிரேசில் நாட்டு ரொனால்டோ. முந்தைய ஆண்டு நவம்பரில் வலது முழங்காற்சில்லின் தசைநாண் காயமுற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பின் அவர் ஆடிய முதல் ஆட்டம் அது. களத்தில் ஏழு நிமிடங்கள் கழிந்திருக்கும். பந்தோடு முன்னே ஓடி எதிரணியினரை ஏமாற்றக் கால்களை மாற்றியபோது, எவரும் அவரைத் தொடாமலேயே அந்த முழங்கால் மடங்கிச் சரிந்தது. முன்பு ஓரளவு கிழிந்திருந்த தசைநாண் இம்முறை முழுவதுமாக அறுந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 23. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று கொண்டாடப்பட்டவர். பணத்துக்கோ மருத்துவர்களுக்கோ குறைவில்லாதவர்.

எங்கள் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் ஒரு கேள்வியைக் கேட்கிறோம். முழங்கால் அறுவை முடிந்தவரும், இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியின் மகனும், பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் கணவரை அழைத்துவந்த மனைவியும் கேட்பது ஒன்றே: "எத்தனை நாளில் பழையபடி ஆகும்?" கேள்வியில் பிழையில்லை. அதற்கு நாங்கள் தரும் விடையில்தான் பிழை இருக்கிறது. "ஆறு வாரம்", "மூன்று மாதம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டார் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டமிடுகிறார்கள். அந்த நாள் வந்ததும் நோயாளி எழுந்து நடந்தாக வேண்டும், வேலைக்குப் போயாக வேண்டும், சமையற்கட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்றாகிவிடுகிறது. நாங்கள் உத்தேசமாகச் சொன்ன ஒரு நாள், வீட்டில் கெடுவாக மாறிவிடுகிறது.

இந்தக் கெடுவை ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் பெரும் விலை கொடுத்துக் கைவிட்டிருக்கின்றன, அல்லது கைவிட முயன்றுகொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி இங்கே எழுதக் காரணம் அதுவே. 'எந்த நாளில் ஆடுவார்' என்ற இடத்தில் 'எந்த நிலையை அடைந்தால் ஆடலாம்' என்ற கேள்வியை அவை வைத்துள்ளன. அவ்வாறே நோயாளிகளும் கேட்க வேண்டும், நாங்களும் விடை சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முழங்காலின் முன்சிலுவைத் தசைநார், அதாவது மருத்துவர்கள் ஏ.சி.எல். எனச் சுருக்கி அழைப்பது, அறுந்த ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். அவரது தொடையிலிருந்தோ முழங்காற்சில்லின் கீழிருந்தோ நாண் எடுத்து, அறுந்த தசைநாருக்கு மாற்றாகப் பொருத்துகிறார்கள். முதல் வாரங்களில் அவருக்கு இடப்படும் வேலைகள் மிக எளியவை போலத் தோன்றும்: முழங்காலை முழுதாக நீட்ட வேண்டும், வீக்கம் வடிய வேண்டும், தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கப் பழக வேண்டும். கட்டிலில் படுத்தபடியே செய்யும் இந்தப் பயிற்சியை நம் நோயாளிகளில் பலர் "இது ஒரு பயிற்சியா?" என்று விட்டுவிடுகிறார்கள். கோடிகளில் ஊதியம் பெறுபவரும் இதே பயிற்சியைத்தான் ஒரு நாளைக்குப் பலமுறை செய்கிறார். முழங்கால் முழுதாக நீளாத வரை அவரை அடுத்த படிக்கு அனுப்பமாட்டார்கள்.

பிறகு நடை. அதன்பின் மிதிவண்டி, தண்ணீருக்குள் ஓட்டம், நேர்க்கோட்டில் மெதுவான ஓட்டம். அதற்கடுத்து இரு கால்களின் வலிமையையும் கருவி கொண்டு தனித்தனியே அளக்கிறார்கள். அறுவை செய்த காலின் வலிமை நல்ல காலினுடையதில் 90 விழுக்காட்டையேனும் எட்ட வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். ஒற்றைக் காலில் தாவச் செய்து, எவ்வளவு தூரம் தாவினார், தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சரிகிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றில் தேறிய பின்பே பந்து கிடைக்கும். முதலில் பந்தோடு தனியாக ஓடுவார். பிறகு எவரும் மோதாத பயிற்சி, அதன்பின் அணியோடு முழுப் பயிற்சி. ஆட்டத்திலும் எடுத்த எடுப்பில் 90 நிமிடங்கள் கிடைத்துவிடாது. 15, 30, 45 என்று கூட்டிக்கொண்டே போவார்கள். மேற்சட்டைக்குள் அணியும் ஒரு சிறு கருவி, அவர் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் திசை மாறிய முறைகளையும் எண்ணிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் எதற்கு? வலி நின்றுவிட்டால் காயம் ஆறிவிட்டது என்று உடல் நம்மை நம்பவைக்கிறது. அது முழு உண்மையன்று. புதிதாகப் பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் வலுப்பெறுவதற்கு மாறாக வலுவிழக்கிறது. அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, அது மெல்ல உருமாறித் தசைநாராக இயங்கப் பல மாதங்கள் பிடிக்கும். நோயாளிக்கோ அதற்கு வெகு முன்பே வலி போய்விட்டிருக்கும். வலியில்லாத, ஆனால் வலுவும் இல்லாத அந்த இடைக்காலமே மிக ஆபத்தானது. "இப்போது வலியே இல்லை டாக்டர்" என்று முகம் மலரச் சொல்லும் நோயாளியிடம் நாங்கள் முகம் மலராமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு எண்களும் உண்டு. நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஏ.சி.எல். அறுவை செய்துகொண்ட 106 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016 இல் வெளியாயிற்று. விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மீண்டும் காயமுறும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. திரும்புவதற்கான தேர்வுகளில் தேறாமலேயே ஆடப் போனவர்களில் 100க்கு 38 பேர் மறுபடி காயமுற்றனர். தேறிய பின் போனவர்களில் 6 பேருக்கும் குறைவு. இங்கே பாடம் ஒன்பது மாதம் என்ற எண் மட்டுமன்று. ஒன்பது மாதமும் ஆகியிருக்க வேண்டும், தேர்வும் தேறியிருக்க வேண்டும். ஒன்பது மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரின் கால் அந்தத் தேர்வில் தேறாது.

லிவர்பூல் கழகத்தின் தடுப்பாட்டக்காரர் வெர்ஜில் வான் டைக்கின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டன் அணியோடு ஆடியபோது எதிரணியின் கோல்காப்பாளர் மோதி அவரது முழங்கால் தசைநார் கிழிந்தது. அம்மாத இறுதியில் அறுவை நடந்தது. அவர் இல்லாத அந்தப் பருவத்தில் லிவர்பூல் தன் சொந்த மைதானத்திலேயே தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. 2021 ஜூனில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி தொடங்கவிருந்தது. அவர் நெதர்லாந்து அணியின் தலைவர். கழகத்துக்கும் நாட்டுக்கும் அவர் தேவைப்பட்ட நேரம். ஆயினும் மே மாதத்தில் தாமாகவே அறிவித்தார்: ஐரோப்பியக் கோப்பையில் ஆடமாட்டேன். ஜூலை 29 அன்று ஒரு நட்பு ஆட்டத்தில் சில நிமிடங்கள் ஆடினார். ஆகஸ்ட் 14 அன்று லீக் ஆட்டத்துக்குத் திரும்பினார். அடுத்த பருவத்தில் லிவர்பூல் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளை வென்றது.

ரொனால்டோவும் மீண்டார். இரண்டாம் முறை 2000-01 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2002 ஜூன் 30 அன்று யோகோஹாமாவில் ஜெர்மனிக்கு எதிரான உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல்களையும் அடித்தவர் அவரே. முதன்முறை ஐந்து மாதம்; இரண்டாம் முறை அந்த இறுதியாட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல்.

திரும்பும் நாளை முடிவு செய்வது யார் என்பதில்தான் சிக்கல் மிகுதி. இதில் கால்பந்துக் கழகங்களைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 2015 ஆகஸ்டில் செல்சி கழகத்தின் மருத்துவர் ஈவா கார்னெய்ரோ, நடுவர் சைகை காட்டியதால், கீழே விழுந்த ஆட்டக்காரரைப் பார்க்கக் களத்துக்குள் ஓடினார். சிகிச்சை பெற்றவர் விதிப்படி சற்று நேரம் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே ஒருவரை இழந்திருந்த அணி ஒன்பது பேரோடு ஆட நேர்ந்தது. பயிற்சியாளர் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். மருத்துவர் சில வாரங்களில் கழகத்தை விட்டு விலகினார். வழக்கு எழுந்து, மறு ஆண்டு கழகம் அவரிடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டது. நோயாளியைப் பார்க்க ஓடியது ஒரு மருத்துவருக்குக் குற்றமாகிவிடக்கூடிய இடம் அது.

அதற்கு முந்தைய ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி வீரரின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்து ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆடினார். பின்னர் நடுவரிடம் சென்று "இது இறுதியாட்டமா?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகே அவரை வெளியே அழைத்தார்கள். மூளை அதிர்ச்சி அடைந்தவர் தாம் நலமாக இருப்பதாகவே சொல்வார். அவ்வாறு சொல்வதே அந்த நோயின் ஓர் இயல்பு. ஆகவே அவரது சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்கலாகாது. இன்று மூளை அதிர்ச்சி ஐயம் இருந்தால் கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கவும், அடிபட்டவரை அன்று மீண்டும் ஆடவிடாமல் நிறுத்தவும் கால்பந்து விதிகள் இடம் தருகின்றன. விதி அவ்வளவு தூரம் வர இத்தனை காலம் பிடித்திருக்கக் கூடாது.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்துக்காக ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் யான் எக்ஸ்ட்ராண்ட் 2001 முதல் நடத்திவரும் காய ஆய்வில் எங்களை மிகவும் சிந்திக்கவைத்தது தசைகளைப் பற்றிய பகுதியன்று. தலைமைப் பயிற்சியாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையே பேச்சுவார்த்தை நன்றாக நிகழாத கழகங்களில் காயங்களின் சுமை கூடுதலாகவும், ஆடத்தக்க நிலையில் இருப்போர் குறைவாகவும் இருந்தனர் என்று அந்த ஆய்வு கண்டது. மருந்தில்லை, கருவியில்லை, ஒருவரோடு ஒருவர் பேசுவது.

வீட்டில் அந்தத் தலைமைப் பயிற்சியாளரின் இடத்தில் இருப்பவர் யார்? மாமியாராக இருக்கலாம், மூத்த மகனாக இருக்கலாம், "எங்க அப்பா இதைவிடப் பெரிய அடியெல்லாம் தாங்கினவர்" என்று சொல்லும் சித்தப்பாவாக இருக்கலாம். அவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நோயாளியோடு மருத்துவமனைக்கு வருபவர் ஒருவர், வீட்டில் முடிவெடுப்பவர் வேறொருவர் என்றிருக்கும் குடும்பங்களில் எங்கள் அறிவுரை வாசலோடு நின்றுவிடுகிறது. நோயாளியும் கிராமரைப் போலத்தான். பிறருக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். குறிப்பாக வீட்டுப் பெண்கள் இதைச் சொல்லும்போது நாங்கள் நம்புவதில்லை.

வலியை மறைத்து ஆடியதன் விலையை அர்ஜென்டினாவின் கேப்ரியல் பட்டிஸ்டுட்டா சொல்லியிருக்கிறார். 2005 இல் ஓய்வு பெற்ற பின் கணுக்கால் வலி தாங்காமல், கால்களை வெட்டிவிடுமாறு ஒரு மருத்துவரிடம் கேட்டதாகப் பல ஆண்டுகள் கழித்து அவரே கூறினார். கழகங்கள் பாராட்டும் 'துணிவு' என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. வான் டைக் காத்திருக்கலாம், அவருக்கு ஊதியம் வந்துகொண்டேயிருக்கும். நாட்டுக்காக ஆடப்போன இடத்தில் ஒருவர் 28 நாட்களுக்கு மேல் ஆட முடியாதபடி காயமுற்றால், அவரது சம்பளத்துக்காகக் கழகத்துக்கே ஈடு வழங்கும் திட்டத்தை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2012 முதல் வைத்திருக்கிறது. ஒருவருக்கு 75 லட்சம் யூரோ வரை கொடுப்பார்கள். கொத்தனாருக்கும், மீன் விற்கும் அம்மாவுக்கும் யார் ஈடு கொடுப்பது? 'எப்போது?' என்று அவர்கள் கேட்பது பொறுமையின்மையால் அன்று, அரிசிக்காக. இதை உணராமல் ஓய்வெடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவம் பாதி மருத்துவம்.

ஆகவே இதையும் எங்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டுகிறோம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளர்கள், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டைப் பெறலாம். பணியின்போது ஏற்பட்ட காயமானால் குணமாகும் வரை 90 விழுக்காடு. மருத்துவச் சான்று இல்லாமல் இவை கிடைக்கா. அந்த வசதியும் இல்லாதவர்கள் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதை எங்களிடம் விளக்கினால், அவ்வேலையின் எந்தப் பகுதியை முன்னதாகத் தொடங்கலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று பிரித்துச் சொல்ல முடியும். உட்கார்ந்து செய்யும் வேலை, நின்று செய்யும் வேலை, சுமை தூக்கும் வேலை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. கழகங்கள் 15 நிமிடம், 30 நிமிடம் என்று கூட்டுவதும் இதே கணக்குத்தான்.

விளையாட்டு இயன்முறை வல்லுநர்கள் 2015 இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடியபோது, திரும்புதலை மூன்றாகப் பிரித்தார்கள்: பயிற்சியில் மீண்டும் பங்குகொள்வது, ஆட்டத்துக்குத் திரும்புவது, பழைய ஆட்டத்திறனை எட்டுவது. நாமோ வீட்டுக்குப் போவதையும் வேலைக்குப் போவதையும் பழையபடி ஆவதையும் ஒரே நாளில் எதிர்பார்க்கிறோம். அதனால்தான் வீடு திரும்பிய மறு வாரமே பலரிடம் சோர்வு குடிகொள்கிறது.

எல்லோரும் பழையபடி ஆவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் மண்டையோடு முறிந்த இங்கிலாந்தின் ரயன் மேசன், மறு ஆண்டு 26 வயதிலேயே ஆடுவதை நிறுத்திவிட்டார், பின்னர் பயிற்சியாளரானார். 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் இதயத் துடிப்பு நின்று விழுந்த டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு, துடிப்பு பிறழ்ந்தால் தானே மின்னதிர்ச்சி தரும் சிறு கருவியை உடலுக்குள் பொருத்தினார்கள். அக்கருவியோடு ஆட இத்தாலிய விதிகள் இடம் தரவில்லை. அவரது இன்டர் மிலான் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ள, 2022 பிப்ரவரி 26 அன்று மீண்டும் களமிறங்கினார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார். இவர் பாதை எல்லா இதயநோயாளிகளுக்கும் உரியதன்று. தீர ஆராய்ந்த பின்னரே அவருக்கு இசைவு கிடைத்தது.

செல்சி கோல்காப்பாளர் பீட்டர் செக் 2006 அக்டோபரில் மண்டையோடு முறிந்து, மறு ஆண்டு ஜனவரியில் மென்மையான தலைக்கவசம் அணிந்து திரும்பினார். 2019 இல் ஓய்வு பெறும் வரை அதை அவர் கழற்றவேயில்லை. கோடிக்கணக்கானோர் பார்க்க, பன்னிரண்டு ஆண்டுகள். எங்கள் இயன்முறை சிகிச்சைக் கூடத்திலோ, கைத்தடியை எடுத்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சப்பட்டு, அதைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்து விழுந்தவர்களைப் பார்க்கிறோம். தடி வேண்டாம் என்று முடிவெடுத்தவர் சில வேளைகளில் நோயாளியே அல்லர், "இந்த வயசுலயே தடியா?" என்ற பக்கத்து வீட்டுக்காரர்.

அச்சமும் அளக்கத்தக்கது. தசைநார் அறுவைக்குப் பின் ஆட்டக்காரரின் மனம் ஆயத்தமாகிவிட்டதா என்றறியப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கழகங்களின் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மீண்டும் அடிபடும் என்று பயமா, கால் மீது நம்பிக்கை இருக்கிறதா என்பன போன்ற கேள்விகள். கால் தேறியும் மனம் தேறாதவர் ஆடும்போது தயங்குவார். படிக்கட்டில் விழுந்த முதியவர் படிக்கட்டைக் கண்டு அஞ்சுவது கோழைத்தனம் என்று வீட்டார் கேலி செய்வதை நிறுத்த வேண்டும். அந்த அச்சத்துக்கும் பயிற்சி உண்டு.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கால்பந்தில் தொடையின் பின்பக்கத் தசைக் காயங்களே மிகுதி. முற்கூறிய எக்ஸ்ட்ராண்ட் ஆய்வின்படி, 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த இவை 2021-22 இல் 24 விழுக்காடாயின. இவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பழைய இடத்திலேயே மீண்டும் ஏற்படுவது. அவ்வாறு மீள்வனவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஆட்டத்துக்குத் திரும்பிய இரண்டு மாதங்களுக்குள் நேர்கின்றன. அதனால் ஆடத் தொடங்கிய பின்னும் கழகங்கள் பயிற்சியை விடுவதில்லை. நம் நோயாளிகள் பெரும்பாலும் நடக்கத் தொடங்கிய அன்றோடு இயன்முறை சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தூரமும் பேருந்துச் செலவும் காரணம் என்பதை அறிவோம். வர முடியாதவர்கள் வீட்டில் செய்யும் பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் முடிவெடுப்பவர் எவரோ அவரையும் ஒருமுறையேனும் அழைத்து வாருங்கள். எத்தனை படி ஏற முடிகிறது, எந்தப் படியில் நிற்க நேர்கிறது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். எந்த அளவை எட்டினால் அடுத்த படிக்குப் போகலாம் என்று எங்களிடம் கேளுங்கள். தேதியை மட்டும் சொல்லி நாங்கள் அனுப்பப் பார்த்தால் விடாதீர்கள்.